வலி இல்லாத நாளில் செய்யும் வைத்தியம்



சித்திரை வெயில் ஏறத் தொடங்கினால் நமக்கு வரும் கடிதங்களில் தலைவலிக் கடிதங்கள் கூடிவிடும். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். கேள்வியும் அநேகமாக ஒன்றுதான்: “ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக்கு ஓடி ஊசி போட்டு, டிரிப்ஸ் ஏத்திட்டு வர வேண்டியிருக்கு. வீட்டிலேயே பார்த்துக்க வழி இல்லையா?” இம்முறை வந்த ஒரு கடிதத்தில் கூடவே இன்னொரு வரியும் இருந்தது. “வலியைக்கூடப் பொறுத்துக்கலாம். ராத்திரி ஒரு மணிக்கு இவரை எழுப்பி வண்டியை எடுக்கச் சொல்றப்போ அவர் முகத்தைப் பார்க்கத்தான் முடியல.”

அந்தச் சகோதரிக்கு எழுத ஆரம்பித்த பதில்தான் இந்தப் பக்கத்தை முழுசாக எடுத்துக்கொண்டது.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு வைத்தியம் வீட்டில்தான் நடக்க வேண்டும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் எங்கே நடக்கிறதோ அங்கேதான். ஆனால் அந்தத் திட்டத்தை எழுதித் தர ஒரு டாக்டர் வேண்டும். ‘வீட்டு வைத்தியம்’ என்றதும் சுக்கையும் நொச்சியையும் மட்டும் நினைத்துக்கொள்கிறவர்களும், மெடிக்கல் ஷாப்பில் பாதி அட்டை மாத்திரை கிழித்து வாங்கி வருகிறவர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

அவசர சிகிச்சைப் பிரிவை நினைத்துப் பாருங்கள். கண்ணைக் கூசவைக்கும் டியூப் லைட். ஸ்பிரிட் வாசனை. தரையில் கடகடவென்று உருளும் ஸ்ட்ரெச்சர். பக்கத்துக் கட்டிலில் அழும் குழந்தை. வெளிச்சம், சத்தம், வாசனை மூன்றையும் தாங்க முடியாத நேரத்தில் ஒரு மனிதரைக் கொண்டுபோய் உட்கார வைக்க இதைவிடப் பொருந்தாத இடம் கிடையாது. அங்கிருக்கும் டாக்டரைக் குறை சொல்லவில்லை. உயிருக்கு ஆபத்தா இல்லையா என்று பார்ப்பது அவருடைய வேலை. அதைப் பார்க்கிறார், தேவை என்று பட்டால் ஸ்கேன் எடுக்கிறார், ‘நார்மல்’ என்கிறார், வலிக்கு ஓர் ஊசி, வாந்திக்கு ஓர் ஊசி, ஒரு பாட்டில் டிரிப்ஸ். விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு வீடு திரும்புகிறோம். அடுத்த வாரம் மறுபடியும் அதே கட்டில். ‘மாதத்தில் எத்தனை நாள் தலை வலிக்கிறது, எத்தனை நாள் மாத்திரை போடுகிறீர்கள்?’ என்ற கேள்வியைக் கேட்க அந்த இடத்தில் யாருக்கும் நேரம் இருப்பதில்லை. வைத்தியமே அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு இது. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி. அதில் குறைந்தது 8 நாளாவது ஒற்றைத் தலைவலிக்குரிய அடையாளங்கள். இப்படியே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதற்குப் பெயர் நாள்பட்ட ஒற்றைத் தலைவலி. அடையாளம் என்றால் விண்விண் என்று தெறிப்பது, ஒரு பக்கமாக வலிப்பது, மாடிப்படி ஏறினால் கூடுவது, குமட்டல், வெளிச்சமும் சத்தமும் ஆகாமல் போவது. எல்லாம் சேர்ந்து வர வேண்டும் என்றில்லை. ‘ஒற்றை’ என்று பெயர் இருந்தாலும் இரண்டு பக்கமும் வலிக்கிறவர்கள் ஏராளம். ஆண்களைவிடப் பெண்களுக்கு மூன்று மடங்கு அதிகம். வயதுக்கு வரும் முன் இந்த வித்தியாசம் கிடையாது, பிறகுதான். மாதவிலக்கை ஒட்டி ஈஸ்ட்ரோஜன் சட்டென்று இறங்கும்போது வலி எழுவது பல பெண்களுக்குப் பழகிப்போன கதை.

மாதத்தில் நாலைந்து நாள் வந்துகொண்டிருந்த வலி எப்படிப் பதினைந்து நாளாகிறது? தூக்கம் கெடுவது, உடல் எடை, மனக் கவலை என்று காரணங்கள் பல. ஆனால் நம் ஊரில் நான் அடிக்கடி காண்கிற காரணம் வேறு. அது கைப்பையின் ஜிப் அறைக்குள் இருக்கிறது. ஒரு பக்கம் கிழிந்த மாத்திரை அட்டை.

தலைவலிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மாத்திரை உண்டு. பெயர் சொல்ல வேண்டியதில்லை. எர்கோட்டமின், காஃபின், பாராசிட்டமால், வாந்திக்கான புரோகுளோர்பெரசின் நான்கும் ஒன்றாகச் சேர்ந்தது. சீட்டு இல்லாமலே பல கடைகளில் கிடைத்துவிடுகிறது. வேலை செய்யும், அதை மறுக்கவில்லை. ஆனால் இந்த வகைக் கலவை மாத்திரைகளையும் ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் மாத்திரைகளையும் மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ போட்டாலும், வெறும் பாராசிட்டமாலையோ சாதாரண வலி மாத்திரையையோ 15 நாளோ அதற்கு மேலோ போட்டாலும், மூன்று மாதத்துக்கு மேல் அது தொடர்ந்தால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரத் தொடங்கிவிடும். மூளையின் வலிப் பாதைகள் அந்த மருந்துக்குப் பழகி, மருந்தின் வேகம் இறங்கும்போதெல்லாம் வலியை எழுப்புகின்றன. அதற்கு இன்னொரு மாத்திரை. வட்டி கட்டக் கடன் வாங்குகிற கதைதான். காலையில் கண் விழிக்கும்போதே தலை கனக்கிறது, மாத்திரை போட்டால்தான் அடுப்பங்கரைக்கே போக முடிகிறது என்று எழுதுகிறவர்களில் பலர் இந்த வலையில் இருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். எர்கோட்டமின் கர்ப்பிணிகளுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் கூடவே கூடாது என்பதைக் கடைக்காரர் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை.

மாத்திரையால் வரும் இந்தத் தலைவலிக்கு மருந்து, மருந்தைக் குறைப்பது. கேட்க எளிது. நிறுத்திய பிறகு 2 முதல் 10 நாள்வரை வலி முன்னைவிட மோசமாகும். வாந்தி வரும், தூக்கம் போகும். வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைக்காமல் இறங்கினால் மூன்றாம் நாள் மறுபடி கடைக்குப் போய் நிற்போம். ஆனாலும் பெரும்பாலானவர்களுக்கு இதற்காக ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிய அவசியம் இல்லை. ஓபியம் வகை மருந்துகளுக்கும் தூக்க மாத்திரைகளுக்கும் பழகியவர்கள்தான் படுக்கை வசதியோடு நிறுத்த வேண்டியவர்கள். நார்வேயில் 2015-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆய்வு செய்தவர்கள் நரம்பியல் நிபுணர்களைத் தேடிப் போகவில்லை. ஊரிலிருக்கும் குடும்ப டாக்டர்களுக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்து, மாத்திரை மிகையாகப் போடுகிறவர்களிடம் சில நிமிடம் உட்கார்ந்து பேசச் சொன்னார்கள்: நீங்கள் போடும் அளவு இவ்வளவு, அதனால் நடப்பது இது, குறைத்தால் இப்படி மாறும் என்று. மூன்று மாதத்தில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நாள்பட்ட தலைவலி என்ற நிலையே மாறிப்போனது. புது மருந்து இல்லை, ஊசி இல்லை. பேச்சுதான். நம் ஊர் ஓ.பி. வரிசையில் அந்தச் சில நிமிடம் கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்பது வேறு விஷயம்.

அந்த நிமிடங்களை டாக்டருக்கு மிச்சப்படுத்திக் கொடுக்க நம்மால் முடியும். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் பல அடுப்பங்கரைகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பால் வராத நாளுக்குச் சுழி போடுகிற அதே கட்டத்தின் ஓரத்தில் இன்னும் மூன்று குறி போதும். வலி வந்த நாளுக்கு ஒரு புள்ளி. படுத்தே கிடந்த நாளுக்கு இரண்டு புள்ளி. மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு கோடு. விலக்கு நாளையும் குறித்துவிடுங்கள். கைப்பேசியில் இதற்குச் செயலிகள் இருக்கின்றன. ஆனால் வலி நேரத்தில் கைப்பேசித் திரையைப் பார்ப்பதே சித்திரவதை என்பதால் என் ஓட்டு பென்சிலுக்குத்தான். இரண்டு மாதக் காலண்டர் தாளைக் கையில் கொண்டுபோனால் டாக்டர் கேட்க வேண்டிய பாதிக் கேள்விகளுக்குப் பதில் அதிலேயே இருக்கும். ‘அடிக்கடி வருது டாக்டர்’ என்று சொல்வதில் ஒன்றும் இல்லை.

இனி வலி வரும் நாள். ஒற்றைத் தலைவலி திடீரென்று வருவதாகத் தோன்றினாலும் முதல் நாளே ஆள் அனுப்பிவிடும். காரணமில்லாத கொட்டாவி, பிடரி இறுக்கம், எரிச்சல், இனிப்பின் மேல் ஆசை. கவனித்துப் பழகினால் பிடிபடும். மாத்திரை போடுவதென்றால் வலி லேசாக இருக்கும்போதே போட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு மத்தியானம்வரை பொறுத்து, முடியாமல் போன பிறகு போடும் மாத்திரை வயிற்றிலேயே கிடக்கும். ஏனென்றால் இந்த வலி வரும்போது இரைப்பை தன் வேலையை மெதுவாக்கிக்கொள்கிறது. வாந்தி மருந்தையும் சேர்த்து எழுதித் தருவது குமட்டலுக்காக மட்டும் அல்ல, மாத்திரை குடலுக்கு இறங்கி ரத்தத்தில் சேரவும்தான். இதைக் கேள்விப்பட்டபோது, ‘ஊசி போட்டால்தான் எனக்குக் கேட்கும்’ என்று பலர் சொல்வதன் பின்னணி எனக்குப் புரிந்தது. ஊசிக்கு வயிறு தேவையில்லை. நேரத்தோடு மாத்திரை போட்டால் பெரும்பாலும் ஊசி தேவைப்படாது. முன்னே போடு என்றதும் தினமும் போடத் தொடங்கிவிடக் கூடாது. பொதுவாகச் சொல்லப்படும் எல்லை, வாரத்தில் இரண்டு நாள்.

டிரிப்டான் வகையில் சுமாட்ரிப்டான் என்ற மருந்து 1991-இல் வந்தது. சும்மா வலியை மறக்கச் செய்யாமல் ஒற்றைத் தலைவலியின் வழியையே குறிவைத்து வந்த முதல் தலைமுறை மருந்து. மாத்திரையாகவும் மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாகவும் இருப்பதால் வீட்டிலேயே பயன்படுத்தலாம். இதய நோய், பக்கவாதம், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது. மேலே சொன்ன எர்கோட்டமின் மாத்திரை போட்ட 24 மணி நேரத்துக்குள் இதைப் போடவே கூடாது. இரண்டும் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். கைப்பையில் இரண்டு அட்டையும் வைத்திருப்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

பாட்டி வைத்தியத்தைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். சுக்குக்கு ஈரானில் சோதனை நடந்திருக்கிறது. 2014-இல் வெளியான அந்த ஆய்வில் 100 பேரில் ஒரு பகுதியினருக்கு இஞ்சிப் பொடியும் மற்றவர்களுக்குச் சுமாட்ரிப்டானும் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை செய்தன. உடனே சுக்கு டப்பாவைத் தேடாதீர்கள். வலி வராமல் தடுக்க இஞ்சிச் சாறெடுத்த மருந்தைத் தினமும் கொடுத்துப் பார்த்த பிரேசில் ஆய்வில் பலன் கிடைக்கவில்லை. ஆக, வந்த வலிக்குச் சுக்குக் காபி குடித்துப் பார்ப்பதில் தவறில்லை. தினசரி காவலுக்கு அதை நம்ப முடியாது. தைலத்தில் உள்ள மென்தால் தோலில் குளிர்ச்சி உணர்வை எழுப்பி வலியிலிருந்து கவனத்தைத் திருப்புகிறது. கண் எரியாமல் தடவுங்கள். பிடரியில் ஐஸ் ஒத்தடம், இருட்டறை, தூக்கம் இம்மூன்றும் செலவில்லாத மருந்து. அந்த நேரத்தில் குக்கர் விசிலும் தாளிக்கிற வாசனையும் அறைக்குள் வராமல் கதவைச் சாத்தி வைப்பது வீட்டிலுள்ள மற்றவர்கள் செய்ய வேண்டிய சிகிச்சை. அன்றைய சமையலை வேறொருவர் பார்த்துக்கொள்வது அதைவிடப் பெரிய சிகிச்சை. ‘வேலை வந்தா இவளுக்குத் தலைவலி வந்துடும்’ என்ற பேச்சு இன்னும் எத்தனை வீட்டில் ஓடுகிறது என்று கடிதங்களைப் படிக்கிற எனக்குத் தெரியும்.

தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். மாதத்தில் பாதி நாள் வலிக்கிறவருக்கு வலி நாளின் வைத்தியம் போதாது. வலி இல்லாத நாளிலும் போடும் தடுப்பு மருந்து வேண்டும். இதில்தான் நாம் அதிகம் சறுக்குகிறோம். புரொப்ரனலால் நெஞ்சுவலிக்காக வந்தது. அதைச் சாப்பிட்டவர்களுக்குத் தலைவலியும் குறைவதை 1966-இல் தற்செயலாகக் கண்டார்கள். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கான மருந்து, டோபிரமேட் வலிப்புக்கான மருந்து. சீட்டைப் பார்த்த மெடிக்கல் ஷாப் பையன், “இது மனசு சரியில்லாதவங்களுக்குக் கொடுக்கிறதாச்சே அக்கா” என்பான். அன்று இரவே மாத்திரை அலமாரிக்குப் போய்விடும். தலைவலிக்கு இவற்றைக் குறைந்த அளவில் தருகிறார்கள். யாரும் உங்களை மனநோயாளி என்று சொல்லவில்லை. இன்னொரு சறுக்கல் அவசரம். இந்த மருந்துகளின் பலனை எடைபோடவே ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். பத்தாம் நாள் ‘கேட்கவில்லை’ என்று நிறுத்தி வேறு டாக்டரிடம் போனால் அங்கே வேறு மாத்திரை, மறுபடி பத்து நாள்.

எல்லாம் எல்லோருக்கும் பொருந்தாது. ஆஸ்துமா இருந்தால் புரொப்ரனலால் கூடாது. இன்னொரு தடுப்பு மருந்தான ஃபுளூனரிசின் எடையைக் கூட்டும், சிலருக்கு மனச்சோர்வு தரும். கர்ப்பம் தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களுக்கு வால்புரோயேட் என்ற தடுப்பு மருந்து தவிர்க்க வேண்டியது. டோபிரமேட்டிலும் கருவுக்கு ஆபத்து உண்டு. அக்காவுக்குக் கேட்ட மாத்திரையைத் தங்கைக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

புதிய வழிகளும் வந்திருக்கின்றன. ஒற்றைத் தலைவலி வரும்போது சி.ஜி.ஆர்.பி. என்ற சிறு புரதம் ரத்தத்தில் கூடுவதை ஆய்வாளர்கள் கோட்ஸ்பியும் எட்வின்சனும் 1990-இல் கண்டார்கள். அதைத் தடுக்கும் முதல் ஊசி மருந்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது 2018-இல். இடையில் 28 ஆண்டு. சர்க்கரைக்காரர்கள் இன்சுலின் போட்டுக்கொள்வதுபோல மாதம் ஒருமுறை வீட்டிலேயே தோலுக்கடியில் போட்டுக்கொள்ளலாம். விலைதான் நம் கைக்கு எட்டாமல் ஆயிரங்களில் நிற்கிறது. மேல்கையில் கட்டிக்கொண்டு கைப்பேசியால் இயக்கும் கருவி ஒன்றும் இருக்கிறது. ஒரு தடவைக்கு 45 நிமிடம். நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கான போட்டுலினம் ஊசி மட்டும் டாக்டர் கையால்தான். தலையிலும் கழுத்திலும் 31 இடத்தில், 12 வாரத்துக்கு ஒருமுறை. முகச்சுருக்கத்துக்குப் போடும் அதே மருந்துதான் என்றால் பலர் சிரிக்கிறார்கள்.

மருந்துக்கு வெளியே உள்ளவற்றில் எனக்கு நம்பிக்கை தருவது டில்லி எய்ம்ஸ் 2020-இல் வெளியிட்ட யோகா ஆய்வு. மருந்தோடு யோகாவும் செய்தவர்கள் ஒரு பக்கம், மருந்து மட்டும் சாப்பிட்டவர்கள் மறுபக்கம். முதல் மாதம் ஆசிரியர் மேற்பார்வையில், அடுத்த இரண்டு மாதம் வீட்டிலேயே. மூன்று மாதத்தையும் முடித்த 114 பேரில் யோகா செய்தவர்களுக்கு வலி நாளும் குறைந்தது, போடும் மாத்திரையும் குறைந்தது. அவர்கள் நாள்பட்ட நிலைக்கு இன்னும் போகாதவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நம் ஊருக்கே உரிய தூண்டுதல்களும் உண்டு. தலைக்குக் குளித்தால் தலைவலி வருகிறது என்று நம் பெண்கள் காலம்காலமாகச் சொல்கிறார்கள்; அதை மூடநம்பிக்கை என்று தள்ளாமல், மும்பை மருத்துவர் கே. ரவிசங்கர் 94 நோயாளிகளைக் கவனித்து 2006-இல் சர்வதேச இதழில் கட்டுரையாக்கினார். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, ஈரக் கொண்டையோடு, விரதத்தில், வெயிலில், கோயில் கூட்டத்தில் நிற்பதென்றால் நாலு தூண்டுதலை ஒரே நாளில் கூப்பிட்டு உட்கார வைப்பது. விரதத்தை விடச் சொல்லவில்லை. முடியை உலர்த்திவிட்டு, பாலும் பழமுமாவது நேரத்துக்கு எடுத்துக்கொண்டு போங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிவரை தூங்கி, காபியும் தள்ளிப்போய், பதினொரு மணிக்குத் தலை தெறிப்பவர்கள் வார நாளின் நேரத்தையே ஞாயிறும் வைத்துப் பார்க்கலாம். இந்த மூளைக்கு மாற்றம் பிடிக்காது.

மறுமுறை டாக்டரைப் பார்க்கவும் எப்போதும் பஸ் ஏற வேண்டியதில்லை. நார்வேயின் திரோம்சோவில் சுமார் 400 தலைவலி நோயாளிகளைக் கொண்டு சோதித்தபோது, காணொளியில் பார்த்தவர்களுக்கும் நேரில் பார்த்தவர்களுக்கும் பலனில் வித்தியாசம் தென்படவில்லை. இங்கே 2020 மார்ச்சில் தொலைமருத்துவத்துக்கு விதிமுறை வந்தது. மத்திய அரசின் இ-சஞ்சீவனியில் கட்டணமில்லாமல் பேசலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வருகிறது. அந்தப் பையில் ஒற்றைத் தலைவலிக்கான தடுப்பு மாத்திரைக்கும் ஓர் இடம் கொடுங்கள் என்று சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். விலை மலிவான பழைய மாத்திரைகள்தான். வேலைக்குப் போக முடியாமல் இருட்டறையில் கிடக்கும் நாட்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பதால்தான் இதுவரை அது யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த இதழில் நரம்பியல் மருத்துவர் ஒருவர் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார். கேள்வியோடு வயது, மாதத்தில் வலிக்கும் நாள், மாத்திரை போடும் நாள், வேறு நோய்கள் இருந்தால் அவை, இவ்வளவையும் ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்புங்கள். பெயர் போட மாட்டோம். ஆனால் வாழ்நாளில் இல்லாத கடும் வலி நொடியில் உச்சத்துக்குப் போனாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, வலிப்பு வந்தாலோ, பார்வை போனாலோ, தலையில் அடிபட்ட பிறகு வலித்தாலோ, கர்ப்ப காலத்தில் புதிதாகக் கடும் தலைவலி வந்தாலோ எங்களுக்கு எழுத வேண்டாம். வீட்டு வைத்தியமும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள். 50 வயதுக்கு மேல் முதன்முறையாகத் தலைவலி தொடங்கியவர்களும், 72 மணி நேரம் கடந்தும் விடாத வலி உள்ளவர்களும் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்